பாப்-அப் டென்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் மடக்கிப் பாருங்கள்

பாப்-அப் டென்ட் விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரே காட்சிதான். ஒருவர் வட்டமான பையைத் திறக்கிறார், உள்ளே இருப்பதைக் காற்றில் வீசுகிறார், அது தரையைத் தொடுவதற்குள் டென்ட் ஆகிவிடுகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. எங்களுடையதும் அப்படித்தான் விரிகிறது. ஆனால் அந்தக் காட்சியை வைத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது. இந்த வகை டென்ட் எல்லாமே அதே வேகத்தில்தான் விரியும். நல்லது எது, சுமார் எது என்பது மடக்கும்போதும், மழையிலும், விடியற்காலையிலும்தான் தெரியவரும். எனவே நான் அதிகம் எழுதப்போவது அவற்றைப் பற்றித்தான்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தான் நீங்கள் என் கருத்தை எடைபோட வேண்டும். நானும் எட்டு வயது மகளும் காரில் போய்த் தங்குகிறவர்கள். சில சமயம் என் அம்மாவும் வருவார். வேலை முடித்துக் கிளம்புவதால் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். மகள் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, நீளக் கம்பிகளைத் துணி உறைக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து, ஒரு முனையைப் பிடிக்க இன்னொரு ஆளைத் தேடும் வேலை எனக்கு வேண்டாம். அதற்காகவே பாப்-அப் வாங்கினேன். மூன்று பேருக்கு என்று எழுதியது, இரட்டைத் துணி அமைப்பு (மழையைத் தடுக்க வெளியே ஒரு மேல்துணி, அதற்குள் நாம் படுக்கும் உள் அறை), தரையோடு சேர்த்துத் தைத்தது. மடக்கினால் 85 செ.மீ. அகல வட்டம். எடை 4.5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

இதைக் கண்டுபிடித்துப் பரவலாக்கியது ஒரே நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். டெகாத்லான் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் கெச்சுவா என்ற பெயரில் விற்கும் '2 செகண்ட்ஸ்' டென்ட் 2005இல் வந்தபிறகு இந்த வகைக்குப் பெரிய கவனம் கிடைத்தது உண்மை. ஆனால் வளைத்த கம்பி தானே விரிந்துகொள்ளும் இந்த உத்தி அதற்கும் முந்தையது. இன்று ஏகப்பட்ட பெயர்களில் ஏறக்குறைய ஒரே அமைப்பு கிடைக்கிறது. அதனால் எங்கள் டென்ட்டின் நிறுவனப் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் சொல்வதை எந்தப் பெயர் போட்ட டென்ட்டோடும் வைத்துப் பார்க்கலாம்.

உள்ளே நடப்பது எளிமையானதுதான். துணியின் ஓரங்களில் ஸ்பிரிங் எஃகு அல்லது ஃபைபர்கிளாஸ் கம்பி, முழு வளையமாகத் தைக்கப்பட்டிருக்கும். கார் முன்கண்ணாடியில் வைக்கிற வெயில் மறைப்பை முறுக்கினால் சின்ன வட்டமாகச் சுருளுமே, அதே விஷயம்தான். மடக்கும்போது நாம் செலவழிக்கும் பலம் முழுவதும் கம்பிக்குள் தங்கியிருக்கிறது. மடக்கிக் கட்டிய பட்டையை அவிழ்த்ததும் அதுதான் வெளியே வருகிறது. ஆகவே அவிழ்க்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் குழந்தை நிற்கக் கூடாது. எங்கள் மகளுக்கு "அம்மா, நான்தான் வீசுவேன்" என்று எப்போதும் ஆசை. பட்டையை நான் அவிழ்த்து, வளையத்தை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, அவளையும் எனக்கு முன்னால் நின்று பிடிக்கச் சொல்லி, இருவரும் சேர்ந்து நமக்கு எதிர்ப்பக்கமாக விடுகிறோம். அதில் அவளுக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கே இந்த டென்ட்டை எனக்குப் பிடிக்கும்.

காற்று இருந்தால் வீசவே வேண்டாம். தரையில் வைத்து, ஒரு ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு விரியவிடுங்கள். விரிந்து, முளை அடிக்காமல் நிற்கும் பாப்-அப் டென்ட்டுக்குப் பட்டத்துக்கு உள்ள அத்தனை குணமும் உண்டு. பைகளை உள்ளே தூக்கிப் போட்டால் பறக்காது என்று சொல்வார்கள். லேசான காற்றுக்குச் சரி, ஒரு பலமான வீச்சு வந்தால் பையோடு சேர்த்து உருட்டிவிடும். விரிக்கும் நேரம் சில நொடி என்றாலும், நான்கு மூலையிலும் முளை அடித்து, மேல்துணியை இழுத்து, பக்கக் கயிறுகளைக் கட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆகத்தான் செய்யும். அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் 'சீக்கிரம்' என்பதைக் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் எனக்கு இது லாபமே. ஏனென்றால் முளை அடிப்பதற்குள் மகளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்துவிட முடிகிறது.

இப்போது மடக்குவதற்கு வருகிறேன். இணையத்தில் இந்த வகையைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. பையோடு ஒரு சின்னத் தாளில் ஆறு படங்கள் அச்சடித்துத் தருகிறார்கள். நாலாவது படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் புரியாது. முக்கியமான அசைவு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அந்த அசைவை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன். எல்லா முளையையும் பிடுங்கிவிட்டு, வாசல் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், உள்ளே இருக்கும் காற்று போக வழி வேண்டும். டென்ட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, எதிரெதிராக உள்ள வளையங்களை ஒன்றோடொன்று சேருங்கள். புத்தகத்தை மூடுவதுபோலத் துணி முழுவதும் தட்டையாக, நீள்வட்டமாக வர வேண்டும். எல்லாக் கம்பியும் ஒரே கட்டாகக் கைக்குள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒன்று தப்பினால் மேற்கொண்டு போகாதீர்கள், அதைச் சேர்த்துவிட்டுத்தான் அடுத்தது. இந்த நீள்வட்டத்தைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, கீழ்முனையைக் காலால் அணைத்துக்கொண்டு, மேல்முனையைப் பிடித்துக் கீழே தரையை நோக்கி அழுத்துங்கள். நடுப்பகுதி இரு பக்கமும் காதுபோல விரிந்து வெளியே தள்ளும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து கையை விடுகிறார்கள். விடாதீர்கள். தள்ளுகிற பக்கங்களை எதிர்த்து அமுக்கவும் வேண்டாம். மேல்முனையை இன்னும் கீழே கொண்டுபோனால் ஒரு காது இன்னொன்றின் மேல் தானாகவே ஏறும். ஏறியதும் கையில் ஒரு தளர்வு தெரியும், கம்பி எதிர்ப்பதை நிறுத்திவிட்டு நம்மோடு வர ஆரம்பிக்கும். அப்போது வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, முழங்காலை வைத்து அழுத்தி, பட்டையை மாட்டிவிடலாம்.

அந்தத் தளர்வுதான் அடையாளம். பலத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால் கம்பி தவறான பக்கம் வளைகிறது என்று அர்த்தம். திரும்ப விரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. எஃகுக் கம்பி ஒருமுறை நெளிந்துவிட்டால் அந்த நெளிவு பிறகு போகவே போகாது, டென்ட் எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் நிற்கும். ஃபைபர்கிளாஸ் என்றால் நெளியாது, பிளக்கும். பிளந்த இடத்தில் ஊசிபோல இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வெறும் கையால் அதைத் தடவிப் பார்க்காதீர்கள்.

அந்தத் தாள் ஈரத்தில் கிழிந்துபோகும் என்று தெரிந்ததால், அழியாத மார்க்கரில் மடக்கும் வரிசையைப் பையின் உட்புறமே எழுதி வைத்திருக்கிறேன். தயாரிப்பாளர்களே இதைப் பையில் அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மடக்குவது கஷ்டம் என்பதால் இப்போது இன்னொரு அமைப்பும் நிறைய வருகிறது. கம்பிகளில் கீல் மாதிரி மூட்டு இருக்கும், உச்சியில் உள்ள கயிற்றை இழுத்தால் குடைபோல விரிந்து பூட்டிக்கொள்ளும், மூட்டின் பூட்டை விடுவித்தால் மடங்கிவிடும். முறுக்கும் வித்தையே தேவையில்லை. பையும் வட்டமாக இல்லாமல் நீளமாக வரும், டிக்கியில் ஓரமாகச் சொருகலாம். அம்மாவின் கைக்கு இதுதான் சரிவரும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள், உயரம் குறைந்தவர்கள், தனியாகப் போகிறவர்கள் முதலில் இந்த வகையைப் பார்க்கலாம். குறை என்னவென்றால் மூட்டுகள் பிளாஸ்டிக். மணல் புகுந்தால் இறுகும், உடைந்தால் அதே நிறுவனத்தின் பாகம்தான் வேண்டும். வாங்கும் முன்பே உதிரி மூட்டு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். "கிடைக்கும்" என்று வாயால் சொன்னால் போதாது, அவர்கள் பட்டியலில் அது இருக்க வேண்டும்.

அடுத்தது மழை. டென்ட் பையில் 1500 மி.மீ., 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எவ்வளவு மழை பெய்தால் தாங்கும் என்ற கணக்கு அல்ல. துணியின் மேல் தண்ணீரை ஒரு தூண்போல நிறுத்தி, எத்தனை மி.மீ. உயரம் வரும்போது துணி கசியத் தொடங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஐஎஸ்ஓ 811 என்ற தர முறைப்படி இந்தச் சோதனை நடக்கும். 1500 என்றால் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றாலும் அந்தத் துணி தாங்கும். சாய்ந்து வடிந்து ஓடிவிடும் மழைக்கு அதுவே போதுமானது. தரைக்கு மட்டும் அது போதாது. ஈரத் தரையில் முழங்காலை ஊன்றினால் உடம்பின் எடை ஒரு சின்ன இடத்தில் குவிகிறது, அந்த அழுத்தம் மழையின் அழுத்தத்தைவிடப் பலமடங்கு அதிகம். ஆகவே மேல்துணியின் எண்ணைப் பார்த்து மயங்காமல், தரையின் எண்ணைத் தேடுங்கள். தரைக்கு 3000க்குக் கீழே இருந்தால் நான் வாங்கமாட்டேன். தரைத் துணி ஓரங்களில் ஒரு சாண் உயரத்துக்குத் தொட்டிபோல மேலேறித் தைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தையல் தரைமட்டத்தில் இருந்தால் தேங்கும் தண்ணீர் முதலில் வருவது அதன் வழியாகத்தான்.

உண்மையில் டென்ட் ஒழுகுகிறது என்றால் துணி ஒழுகுவது அபூர்வம், தையல்தான் ஒழுகும். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை. அதை மூட உட்புறமாகத் தையல் நெடுக வழுவழுப்பான டேப் ஒட்டியிருப்பார்கள். கடையில் டென்ட்டுக்குள் நுழைந்து, மொபைல் வெளிச்சத்தை வெளியிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டு, தையலைப் பின்தொடர்ந்து பாருங்கள். எங்களுடையதில் நீளத் தையல்கள் அனைத்தும் டேப் போட்டவை. மேல்துணியில் பக்கக் கயிறு கட்டும் வளையங்கள் தைத்த இடத்தில் மட்டும் டேப் கிடையாது. நல்ல மழையில் அங்கிருந்துதான் சொட்டு வந்தது. சொட்டு மேல்துணிக்கும் உள் அறைக்கும் நடுவிலேயே வழிந்து இறங்கிவிட்டதால் படுக்கை நனையவில்லை. தையல் அடைக்கும் பசையை அந்த இடங்களில் பூசிக் காயவைத்தேன், நின்றுவிட்டது. இவ்வளவு அருமையாக மற்ற எல்லாத் தையலையும் முடித்தவர்கள் இந்தக் கை அகல இடத்தை ஏன் விட்டார்கள் என்று வருத்தமாக இருக்கிறது.

வாங்கிய வாரமே முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விரித்து, ஹோஸ் குழாயால் எல்லாப் பக்கமும் நிதானமாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

சரி, மழையே இல்லாத இரவு. காலையில் எழுந்தால் துணியின் உட்புறம் ஈரம். "டென்ட் ஒழுகுகிறது" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் பதிவுகளைப் படித்தால் பாதி இந்தக் கதைதான். அது ஒழுகல் இல்லை, நம் மூச்சு. தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் இரவெல்லாம் நீராவி போய்க்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் மேல்துணி தன் சூட்டை வானத்துக்கு இழந்து சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உள்ளே உள்ள நீராவி அதில் பட்டதும் துளியாகிறது. எந்தத் துணியாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. அது எங்கே படிகிறது என்பதுதான் கேள்வி.

ஒற்றைத் துணி பாப்-அப்பில் நாம் படுத்திருக்கும் அறையின் சுவரிலேயே படியும். தூக்கத்தில் கையை நீட்டினால் நனையும். ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் சுவரை உரசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரட்டைத் துணியில் உள் அறை பெரும்பாலும் வலையும் மூச்சுவிடும் மெல்லிய துணியும்தான். நீராவி அதைத் தாண்டிப் போய் வெளித்துணியில் படிகிறது. விடியற்காலையில் இரண்டுக்கும் நடுவே கையை விட்டு, வெளித்துணியின் உட்புறம் ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். விரலுக்கு முன்னால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓடையாகி, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கின. உள் அறைத் துணியைத் தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தது, ஈரம் இல்லை. கூடுதல் எடை, கூடுதல் விலை எல்லாவற்றையும் இந்த ஒரு காரணத்துக்காகவே ஏற்றுக்கொள்ளலாம். இரவு தங்குவதற்கு ஒற்றைத் துணி பாப்-அப்பை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பகலில் நிழலுக்கு, குழந்தைகள் விளையாட என்றால் தாராளமாக வாங்குங்கள்.

இரட்டைத் துணி என்று எழுதியிருந்தாலும் இரண்டுக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். பாப்-அப்பில் இரண்டையும் சேர்த்தே தைத்துவிடுவதால், பக்கக் கயிற்றை இழுத்துக் கட்டாவிட்டால் வெளித்துணி தொய்ந்து உள் அறையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் இரட்டைத் துணியின் பயன் போய்விட்டது. மழை வராது என்று தெரிந்தாலும் கயிறு கட்டுவதை நான் விடாததற்கு இதுதான் காரணம். குளிருக்குப் பயந்து மேலுள்ள காற்றுத் துளைகளை மூடினால் ஈரம் இரட்டிப்பாகும். அதைத் திறந்தே வைத்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். பள்ளத்திலும் தண்ணீர்க் கரையை ஒட்டியும் போடாமல், சற்று மேட்டில், மரத்தின் கிளை மறைப்பில் போட்டால் விடியலில் ஈரம் நன்றாகக் குறைகிறது. காய்ந்த கிளை மேலே இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை இந்த வகையிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கம்பிகளை நுழைத்து நிறுத்தும் சாதாரண டோம் டென்ட்டில் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு தாங்கும். இங்கே வளையங்கள் ஓரங்களில்தான் ஓடுகின்றன. பலமாகக் காற்றடித்தால் டென்ட் ஒரு பக்கமாகப் படுத்து, முகத்தில் வந்து தட்டிவிட்டு எழுந்துகொள்ளும். உடையாது, ஆனால் தூங்கவும் முடியாது. தாழ்வான முனையைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

கூடவே வரும் முளைகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. மெல்லிய கம்பியை ஒரு முனையில் வளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கெட்டி மண்ணில் வளைகிறது, இளகிய மண்ணில் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஒய் வடிவ அலுமினிய முளைகள் ஒரு கட்டு தனியாக வாங்குங்கள், இதுதான் இந்த டென்ட்டுக்குச் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும். அடிக்கும்போது முளையின் தலை டென்ட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். மணலில் இந்த மாதிரி முளைகள் நிற்காது. ஒரு துணிப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைத்துவிட்டால் அசையாது. கயிறுகளும் கறுப்பாகவே வருகின்றன. இரவில் கால் தடுக்காமல் இருக்க, வெளிச்சம் பட்டால் மினுங்கும் கயிறாக மாற்றிக்கொண்டோம்.

எத்தனை பேர் என்று அச்சடித்திருக்கும் எண், படுக்கை விரிப்பை விரிப்போடு ஒட்டிப் போட்டு ஆள் ஆளாக அடுக்கினால் வரும் எண். ஒரு ஆளுக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் வைக்கிறார்கள். அதில் புரண்டு படுக்க இடம் கிடையாது, பைகளுக்கும் கிடையாது. மூன்று பேர் டென்ட்டில் நாங்கள் இருவரும் பைகளும் வசதியாக இருக்கிறோம். அம்மா வந்தால் பைகள் காருக்குப் போய்விடுகின்றன. அகலத்தைவிட நீளத்தைக் கவனியுங்கள். பாப்-அப்பின் சுவர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாய்ந்து இறங்குவதால், 210 செ.மீ. என்று சொன்னாலும் முகத்துக்கு மேல் துணி வராமல் படுக்கக் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். என் அண்ணன் ஆறடிக்கு மேல். ஒருநாள் உள்ளே படுத்துப் பார்த்தார், கால்விரல் துணியை முட்டியது. உயரமானவர்கள் கடையில் வெட்கப்படாமல் படுத்தே பார்த்துவிடுங்கள். தடிமனான காற்று மெத்தை வைத்திருப்பவர்கள் அதன் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், மெத்தை உயர உயரச் சாய்வுச் சுவர் கிட்டே வரும்.

வெயில் பற்றி ஒன்று. வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புப் பூச்சு உள்ள துணி இப்போது நிறைய டென்ட்டில் வருகிறது. விடிந்த பிறகும் இருட்டாக இருப்பதால் குழந்தை நன்றாகத் தூங்கும். அதனால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். உச்சி வெயிலில் நேராகப் போட்டால் எந்த டென்ட்டும் சூளைதான்.

அண்ணன் மலையேறுகிறவர், முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர். எங்கள் வட்டப் பையைப் பார்த்ததும், "இதை மாட்டிக்கிட்டு ரெண்டு புதருக்கு நடுவுல நுழைய முடியுமா?" என்று கேட்டார். முடியாது. 85 செ.மீ. வட்டம் முதுகை விட இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும், கிளையில் மாட்டும், காற்றில் ஆளையே திருப்பும். அவருடைய இருவர் டென்ட் இரண்டு கிலோவுக்குள், தண்ணீர் பாட்டில் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுருண்டுவிடுகிறது. நடந்து போகிறவர்களுக்குப் பாப்-அப் இல்லை, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பைக்கில் போகிறவர்களும் வட்டப் பையை எங்கே கட்டுவது என்று முதலில் யோசியுங்கள். காரில் போனாலும் டிக்கியின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். நாங்கள் இருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வைக்கிறோம்.

பழுது விஷயத்திலும் டோம் வகைக்கே என் வாக்கு. அதன் கம்பி உடைந்தால் உருவிவிட்டு வேறு போடலாம், நடுவழியில் ஒரு குழாய்த் துண்டை மாட்டி ஓட்டிவிடலாம். பாப்-அப்பில் கம்பி துணிக்குள் தைக்கப்பட்டிருப்பதால் தையலைப் பிரித்தால்தான் கை வைக்க முடியும். எனவே டென்ட் எத்தனை நாள் உழைக்கும் என்பது முழுக்க நாம் வைத்துக்கொள்ளும் விதத்தைப் பொறுத்தது. ஈரத்தோடு மடக்கி ஓரிரு நாள் விட்டாலே பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை துவைத்தாலும் போகாது. தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உட்புறம் பூசியுள்ள பாலியூரித்தேன் பூச்சுக்கும் ஈரமும் சூடும்தான் எதிரி. நாள்பட அது பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். தங்குமிடத்தில் ஈரமாக மடக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை விரித்துவிடுவது. இதில் பாப்-அப் உண்மையிலேயே நல்லது. கூடத்தில் பட்டையை அவிழ்த்தால் தானே நின்றுகொள்கிறது, ஃபேனைப் போட்டுவிட்டால் காய்ந்துவிடுகிறது. கொடியில் துணியைத் தொங்கவிட்டு மூலை மூலையாகத் திருப்பும் வேலை இல்லை. விளம்பரத்தில் இதை ஏன் சொல்வதில்லையோ தெரியவில்லை. அது கூடத்தில் காயும் நாட்களில் மகளுக்குக் கொண்டாட்டம், பள்ளிவிட்டு வந்ததும் நேராக அதற்குள் போய்விடுவாள்.

தரைக்கு அடியில் விரிப்புப் போடுகிறவர்கள் அது டென்ட்டின் ஓரத்தை விட்டு வெளியே நீட்டாமல் உள்ளே மடித்துவிடுங்கள். நீட்டினால் மேலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து நமக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

இதையெல்லாம் கடையில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். விற்பவர் விரித்துக் காட்ட வந்தால், விரிப்பதை அவர் செய்யட்டும், மடக்குவதை நான் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் ஒருமுறை காட்டட்டும், அடுத்தது உங்கள் கை. இரண்டு மூன்று தடவையில் வரவில்லை என்றால் உங்களுக்குக் கயிறு இழுக்கும் வகைதான் என்று முடிவாகிவிடும். ஜிப்பை ஒரே கையால், வளைவான இடத்தில் இழுத்துப் பாருங்கள். இருட்டில், பாதித் தூக்கத்தில் அப்படித்தான் இழுக்கப்போகிறோம். துணியைக் கடிக்கிறது என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். வலையின் கண்கள் கொசுவை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளையும் தடுக்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்கள் திருப்பி அனுப்பும் விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வட்டப் பையைத் திரும்பக் கட்ட முடியாமல் போனதால் திருப்பி அனுப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, குளிரும் மழையும் சேர்ந்த இரவில் வாசல் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தோன்றும். பாப்-அப் டென்ட் தாழ்வானது, துணி ஒரு கை தூரத்தில் இருக்கிறது, பற்றினால் வெளியே வர நேரம் கிடைக்காது. எரியாவிட்டாலும், மூடிய இடத்தில் ஸ்டவ்வோ கரி அடுப்போ விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே ஒருபோதும் வேண்டாம், வாசல் திறந்திருந்தாலும் வேண்டாம். நாங்கள் பேட்டரி விளக்கு மட்டும்தான் வைக்கிறோம், உச்சியில் அதற்கென்று ஒரு கொக்கி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல உறுதியான கொக்கி.